பாம்புக்காதரின் பூஜ்யம்

வசந்தம் வந்துவிட்டதை மற்ற வீடுகளில் மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். காதுக்காரம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாசலில் சேறு அப்பிய பூட்ஸ் குப்புறக் கிடந்தால் வசந்தம். துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து இறகு வந்தால் வசந்தம். காலை ஐந்தேகாலுக்குப் பால் எடுத்த மனிதர் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் போய், அது கீ கீ கீயென்று அனத்தி அவளைப் படுக்கையிலிருந்து கிளப்பினால் சந்தேகமே வேண்டாம், வலசைப் பறவைகள் வடக்கே புறப்பட்டுவிட்டன என்று அர்த்தம்.

"என்னங்க, கதவு இந்தக் கத்து கத்துதே, காது என்ன அடைச்சா போச்சு?" என்று மூன்று வருடமாகக் கேட்கிறாள். கேட்டு என்ன பிரயோஜனம்? அவர் அதற்குள் படியிறங்கி முனையைத் தாண்டியிருப்பார்.

காதுக்காரம்மா என்பது அவளுக்குக் கிளினிக்கில் விழுந்த பெயர். இருபத்துநாலு வருடமாக அங்கே செவித்திறன் சோதிக்கிறாள். அவள் அறையின் மூலையில் பீரோவை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கூண்டு. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே உட்காருகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை அமுக்கினால் வெளியே அவள் மிஷினில் ஒரு விளக்கு எரியும். தினமும் முதல் ஆள் வருவதற்கு முன் அவளே ஹெட்போனை மாட்டி, தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலிவரை ஒவ்வொன்றாகத் தன் காதில் ஓட்டிப் பார்ப்பாள். வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டு: "கேட்டா அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க." சோதனை நடக்கும்போது தலையைக் குனிந்தே வைத்திருப்பாள். நிமிர்ந்தால் முகத்தைப் பார்த்தே சத்தம் போட்டுவிட்டாளா இல்லையா என்று சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். பாஸாகிவிட வேண்டுமென்று தவிக்கிற ஆட்கள் எல்லா வயதிலும் உண்டு.

வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் முப்பத்துமூன்று வருடம் சங்கிலியும் நாடாவும் பிடித்து ஓய்வு பெற்றவர். வேலையில் அங்குலம் பிசகாதவர், வீட்டில் எந்தப் பொருளையும் எடுத்த இடத்தில் வைக்காதவர். பூங்காவுக்கு வரும் பறவை பார்க்கும் கூட்டத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு கட்டைவிரல் அளவுக் கதிர்க்குருவி. பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் தளிர் நிறத்தில் இருக்கும். இலைக்குள் போய்விட்டால் எவன் கண்ணுக்கும் அகப்படாது. குரல் மட்டும் ஊசியால் கண்ணாடியைக் கீறினாற்போல மெல்லியதாகக் கேட்கும். கூட்டத்தில் அதற்கு ஊசிக்குரல் என்றே பெயர். வடக்கே போகும் வழியில் ஆறு வாரம் இந்தப் பூங்காவில் தங்கும். மற்றவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கையில், இவர் கண்ணை மூடிக்கொண்டு, "மூணு. ஒண்ணு அந்தப் பக்கம், ரெண்டு குளத்தோரம்" என்பார். பைனாகுலரோடு போய்ப் பார்த்தால் சரியாக மூன்று இருக்கும்.

அப்படியே ஒரு கணக்கெடுப்பு முறையும் வந்துவிட்டது. பூங்காவில் பன்னிரண்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு காதால் எண்ண வேண்டும். எண்ணுகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற ஏழு பேர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்பார்கள். பதினேழு வருடமாக நோட்டில் ஏற்றி, வரைபடத் தாளில் கோடு இழுத்து, வசந்தம் முடிந்ததும் அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார். அந்தச் சுவரில் கல்யாண போட்டோ மாட்ட அவள் ஆணி கேட்டு இருபத்தொன்பது வருடம் ஆகிறது.

கோடு முதலில் சமதரையாகத்தான் போனது. ஒரு காலைக்கு நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. ஐந்து வருடத்துக்கு முன் சரியத் தொடங்கியது. முப்பத்தாறு, முப்பத்திரண்டு, இருபத்தெட்டு. பிறகு ஆறு. போன வருடம் இரண்டு. இந்த வருடம் மூன்று வாரமாகப் பூஜ்யம்.

மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தார். யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும். பூங்காத் தோட்டக்காரர் அகப்பட்டார். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்கு வந்தவர், குளக்கரைப் புதரை மிஷின் வைத்து ஒரே உயரத்துக்கு வெட்டியவர். போதாதா? 'புதர் அழிப்பால் ஒரு இனம் இப்பூங்காவைக் கைவிட்டது' என்று பாம்புக்காதர் நாலு பக்கம் எழுதினார். கூட்டத்தில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் பூங்கா மேற்பார்வையாளரிடம் போயிற்று. தோட்டக்காரருடைய வேலை ஒப்பந்தத்தை இந்த மாதத்தோடு முடித்துவிடலாமா என்று வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள்.

"அவர் வர்றதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சிருக்கே?" என்று காதுக்காரம்மா கோட்டின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"முதல்ல மெதுவா சரிஞ்சிருக்கு, அந்த ஆள் வந்ததும் செங்குத்தா விழுந்திருக்கு. பார்த்தாலே தெரியலையா? உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார்.

உனக்கெதுக்கு என்ற சொல்லை அவர் வருடத்தில் ஆறு வாரம் மட்டும் உபயோகிப்பார். அந்த ஆறு வாரமும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திங்கட்கிழமை அந்தத் தோட்டக்காரரே அவள் அறைக்கு வந்து நின்றார். மிஷின் பிடிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துத் தாள் வாங்க வேண்டும் என்பது விதி. இவள் யார் வீட்டுக்காரி என்றும், புகாரில் சொன்ன பறவை எது என்றும் அவருக்குத் தெரியாது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்தார். அருமையான காது. கடைசி ஒலி, எட்டாயிரம் ஹெர்ட்ஸ், அவள் மிக மெதுவாக வைத்தும் அமுக்கிவிட்டார். வெளியே வந்ததும் சிரித்தார்.

"கடைசியா ஒண்ணு வச்சீங்களே மேடம், அதே மாதிரி ஒரு குருவி கத்துது. என் ஷெட்டு மேலதான் குடியிருக்கு. விடிஞ்சும் விடியாம கீ கீன்னு உசிரை வாங்குது. அது ஒண்ணா ரெண்டா, பூங்கா பூரா அதுங்கதான்."

அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. வருஷா வருஷம் வரும். போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஜாஸ்தி."

மறுநாள் காலை அவள் வீட்டுக்காரரோடு பூங்காவுக்குக் கிளம்பினாள். பதினேழு வருடத்தில் முதல் தடவை. பாம்புக்காதருக்கு ஆச்சரியம். ஆனால் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "வழியில பேசக் கூடாது, இருமக் கூடாது" என்று சட்டம் போட்டார். முதல் இடம் குளத்தோரம் ஒரு பெரிய மரம். அதன் கீழே நின்று அவர் கண்ணை மூடினார்.

தலைக்கு நேர் மேலே அது பாடிக்கொண்டிருந்தது. ஒன்றில்லை, நான்கு. தினமும் காலையில் தன் மிஷினில் கேட்கிற கடைசி ஒலி இங்கே மரத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கத்தியது. எதிர்மரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணை மூடி, தாடையை லேசாக உயர்த்தி, ஒரு தவத்தில் இருப்பவர் போல நின்றிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து நோட்டில் பூஜ்யம் போட்டார். சின்ன, வட்டமான, அளவெடுத்த பூஜ்யம்.

பன்னிரண்டு இடத்திலும் பன்னிரண்டு பூஜ்யம். அவள் மனதுக்குள் எண்ணியது நாற்பத்தாறு. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள்மேலேயே அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஃபிரிட்ஜ் கத்தியதும், கத்திக்கொண்டிருந்த ஜுரமானியை அவர் கக்கத்திலேயே மறந்து தூங்கியதும், துவைக்கிற மிஷின் முடிந்து அழைத்தபோது பக்கத்திலேயே இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காது பார்க்கிறவள், தன் வீட்டில் மூன்று வருடமாக அதற்குப் பொறுப்பில்லாத்தனம் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"எனக்கா? நீ அடுப்படியில முணுமுணுக்கிறது தெருமுனை வரைக்கும் கேக்குது."

"அது தடிச்ச சத்தம், கேக்கும். மெல்லிசா இருக்கிறதுதான் முதல்ல போகும். தினம் பத்துப் பேருக்கு இதைத்தான் சொல்றேன்."

"நீ கேட்டது சில்வண்டு."

"அறுபது வருஷத்துல ஒருதடவையாவது நான் சொல்றதை…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவருக்கு வயதே அறுபதுதான். "சரி. நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க. பத்து நிமிஷம். நீங்க ஜெயிச்சா இனிமே நான் பறவை விஷயத்துல வாயே திறக்கலை."

அந்த ஆசையில்தான் வந்தார்.

புதன்கிழமை மத்தியானம், கடைசி ஆள் போனபின், அவரைக் கூண்டுக்குள் உட்கார வைத்தாள். "கேட்டா அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டாள். தடித்த ஒலிகளுக்கு அவர் முதல் மார்க் பையன் மாதிரி டக் டக்கென்று அமுக்கினார். ஆயிரம், இரண்டாயிரம், நன்றாகத்தான் இருந்தது. மூவாயிரத்தில் தயங்கினார். நாலாயிரத்தில் நிறைய ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு மேலே விளக்கு எரியவே இல்லை. ஒலியை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். மிஷினின் கடைசிப் புள்ளிவரை போய், நிற்காமல் ஓடும்படி விட்டுவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள். அவர் பொத்தான் மேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தார்.

அவள் போய்க் கூண்டுக் கதவைத் திறந்தாள்.

"என்ன, மிஷின் நின்னு போச்சா?" என்று ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கையில் வாங்கும்போதே அது கீயென்று அலறிக்கொண்டிருந்தது.

"ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள்.

அவர் ஹெட்போனைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திரும்ப வாங்கிக் காதோடு சேர்த்து அழுத்தினார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் அவளிடம் இல்லை. துக்கம்தான் இருந்தது. மிஷினை அணைத்தாள்.

"கருவி மாட்டினா?" என்று ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பேச்செல்லாம் நல்லாத் தெளியும். ஃபிரிட்ஜ் கேக்கும்." அவள் ஒயரைச் சுருட்டினாள். "அந்தக் குருவி கஷ்டம்தான்."

துக்கம் ஒரு நாள் நின்றது. வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்ததும் பழைய கோபம் வட்டியோடு வந்துவிட்டது. 'மேலும் தரவுகள் தேவைப்படுவதால், எங்கள் மனுவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோருகிறோம்.'

"இது என்ன?"

"வாபஸ் வாங்குறேன், அவ்வளவுதான். காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை."

"அந்த ஆள் புதரை வெட்டினதால இல்லைன்னு ஒரு வரி இருக்கா இதுல?"

"நான் என்னன்னு சொல்றது?" என்று குரல் உயர்த்தினார். "பதினேழு வருஷம். பாம்புக்காதர் பாம்புக்காதர்ங்கிறாங்க. நாளைலேர்ந்து என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் அறையில் நாற்காலி போதவில்லை. கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர், பேக்கரி நடத்துகிற அம்மா, மற்றவர்கள். தோட்டக்காரர் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார். காதுக்காரம்மாவை அங்கே பார்த்ததும் அவர் முகம் மாறியது. யார் வீட்டுக்காரி என்று இப்போது புரிந்துவிட்டது. அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.

பாம்புக்காதர் எழுந்து தாளைப் பிரித்து வாசித்தார். மேலும் தரவுகள், தற்காலிகமாக, கோருகிறோம். வாசித்துவிட்டு உட்காரப் போனார்.

"அப்படின்னா அடுத்த வசந்தத்துல தரவு வரும்," என்றார் மேற்பார்வையாளர். "சரி. அதுவரைக்கும் முடிவைத் தள்ளி வைக்கிறேன். இவரையும் அதுவரைக்கும் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறேன். புகார் நிலுவையில இருக்கும்போது மிஷினைக் கையில குடுக்க முடியாது."

தோட்டக்காரர் தொப்பியைக் கசக்கினார். பாம்புக்காதர் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் நின்று, மனைவி இருக்கும் பக்கம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்துநாலு வருடப் பழக்கம். ஆம் என்றும் இல்லை என்றும் அவள் முகத்திலிருந்து யாருக்கும் எதுவும் கிடைக்காது. தனக்குத் தெரிந்ததைத் தானே அமுக்க வேண்டும்.

தாள் மடிபடும் சத்தம் வந்தது.

"பறவை குறையலை சார்," என்று அவர் குரல் கேட்டது. "என் காதுதான் போயிடுச்சு. புதன்கிழமை சோதிச்சாச்சு. அது என் தலைக்கு மேல பாடுது, நான் கீழ நின்னு பூஜ்யம் போட்டிருக்கேன். இவர் மேல ஒரு தப்பும் இல்லை."

பிறகு பேக்கரியம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"எனக்கு… கேட்ட மாதிரிதான் இருந்துச்சு சார். போன வருஷமே. நீங்க இல்லைன்னு எழுதினீங்களா, சரி, வேற ஏதோ போலன்னு விட்டுட்டேன்."

"எனக்கும்தான்," என்றார் பல் டாக்டர் தரையைப் பார்த்து. "பாம்புக்காதருக்கே கேக்காதது நமக்கெப்படிக் கேக்கும்னு…"

காதுக்காரம்மா எழுந்துவிட்டாள்.

"கேட்டுச்சா? கேட்டுமா கையெழுத்துப் போட்டீங்க? உங்க காதை வீட்ல வச்சுட்டா வர்றீங்க காலங்காத்தால? ஒருத்தர் கண்ணை மூடிட்டு நின்னா ஏழு பேரும் வாயை மூடிட்டு நிப்பீங்களா? கேட்ட மாதிரி இருந்தாலே சொல்லணும்! எழுதப் படிக்கத் தெரியாதவங்க எங்கிட்ட வர்றாங்க, ஒருதடவை சொன்னா புரிஞ்சுக்கிறாங்க!"

பல் டாக்டர் திருதிருவென்று விழித்தார். மேற்பார்வையாளர் புகாரின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பாம்புக்காதர் தோட்டக்காரரிடம் கையை நீட்டினார். அவர் உடனே பிடிக்கவில்லை.

"ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை சார். உங்களுக்கு அது குருவி. எனக்கு இது வேலை."

"தெரியும்," என்றார் இவர். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தோட்டக்காரர் பட்டும்படாமல் ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டு, "பார்க்கணும்னா காலையில ஷெட்டுக்கு வாங்க. கீழேயே வந்து உக்காரும்" என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை ஐந்தேகாலுக்கு அவளை எழுப்பியது ஃபிரிட்ஜ் இல்லை, அவர். கிளினிக்கில் அன்று எட்டரைக்கே ஆள் வருகிறார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒற்றைக்காலில் நின்றார். முகம் கழுவக்கூட முழுசாக விடவில்லை.

ஷெட்டின் தகரக்கூரை ஓரத்தில், நாலு முழத் தூரத்தில், அது உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணை மூடவில்லை. அதன் அலகு திறந்தது. தொண்டை இறகு விடைத்து நடுங்கியது. இத்தனூண்டு உடம்பு முழுவதும் அந்தக் கத்தலில் குலுங்கியது. அவர் தலையைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் முன்னால் போய், வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப பாடுதா?" என்று கேட்டார்.

"காதைப் பிளக்குது," என்றாள்.

அவர் தலையாட்டினார். நோட்டைப் பிரித்து, பென்சிலை அதன்மேல் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பார்த்தபடி காத்திருந்தார். கூண்டுக்குள் காத்திருந்த அதே மாதிரி. அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பூஜ்யங்களுக்குக் கீழே அவர் ஒன்று என்று எழுதினார்.

"சத்தம் போடாம வா," என்றார். "இன்னும் பதினோரு இடம் இருக்கு."